கொழும்பு நகரத் தொழிலாளர் இயக்கமும் நல்வாழ்வுக் கோரிக்கையும் (1893–1935)

பல்கலைக்கழக மாணவர்க்குச் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயர் புதியதன்று. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906ஆம் ஆண்டில் இயக்கம் தொடங்கியவர் என்ற வகையிலும், 1919இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் என்ற வகையிலும் அவர் போற்றப்படுகின்றார். பேராதனையில் மாணவர் விடுதியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆயின், அதே அருணாசலம் கொழும்பு நகரத்து ஏழைகளின் கல்வியையும் உடல்நலத்தையும் கருதி 1915இல் ஒரு சங்கத்தையும், தொழிலாளரின் உரிமைகளைக் கருதி 1919இல் மற்றொரு சங்கத்தையும் நிறுவியவர் என்பது அத்துணை நினைவுகூரப்படுவதில்லை. நான்கே ஆண்டுகளில், சமூக சேவைக்கென ஒரு சங்கம் இருக்கவும், தொழிலாளர்க்கென வேறொரு சங்கம் தேவைப்பட்டது ஏன்? இவ்வினா சிறிதாகத் தோன்றினும், அதற்கு விடைகாண முற்படும்போது கொழும்பு நகரத்து உழைப்பாளரின் அரை நூற்றாண்டு வரலாறே கண்முன் விரிகின்றது.

இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் தோற்றத்தை முறையாக ஆராய்ந்தோருள் முதன்மையானவர் குமாரி ஜயவர்த்தன. 1972இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையில் அடிப்படையானது. எனினும், பொதுவாக எழுதப்படும் வரலாறுகளில் வேலைநிறுத்தம், கூலி, சங்கம் என்பன ஓர் அத்தியாயமாகவும், குடிநீர், வடிகால், வீடமைப்பு, கொள்ளைநோய் என்பன வேறோர் அத்தியாயமாகவும் பிரிந்து நிற்பதே வழக்கம். முன்னையது போராட்டத்தின் கதையாகவும், பின்னையது பொறியியலாளரதும் வைத்தியரதும் கதையாகவும் சொல்லப்படுகின்றன. உழைப்பாளியின் வாழ்விலோ இவ்விரண்டும் பிரிந்து இருந்ததில்லை. நல்ல தொழிலும் நலமான வாழிடமும் ஒரே கோரிக்கையின் இரு கூறுகள் என்பதையும், அக்கோரிக்கை எப்போது வலுப்பெற்றது, எப்போது தளர்ந்தது என்பதையும் கொழும்பின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறைமுகம் வளர்த்த நகரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இலங்கைக்கு வரும் பெருங்கப்பல்கள் காலித் துறையையே பெரிதும் நாடின. 1867இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே புகையிரதப் பாதை முழுமை பெற்றதும், 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் இந்நிலையை மாற்றின. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கி 1885இல் கட்டி முடிக்கப்பட்டது. மலைநாட்டுக் கோப்பியும் அதன்பின் தேயிலையும் இத்துறையினூடாகவே வெளியேறின. அரிசியும் நிலக்கரியும் இதனூடாகவே உள்ளே வந்தன. கீழைத்தேசங்களுக்குச் செல்லும் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றிக்கொள்ளும் முக்கிய இடங்களுள் ஒன்றாகக் கொழும்பு விளங்கியது.

நகரின் சனத்தொகையும் இதற்கேற்பப் பெருகியது. அருணாசலத்தின் மேற்பார்வையில் நடைபெற்ற 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது ஏறத்தாழ ஒன்றரை இலட்சமாக இருந்த கொழும்பு நகரின் சனத்தொகை, 1921இல் இரண்டரை இலட்சத்தை நெருங்கியது. இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் கூடிய இந்நகரில், அவர்கள் குடியிருப்பதற்கான இடம் அதே அளவிற் கூடவில்லை.

இவ்வாறு வந்தோர் யாவர்? மேல் மாகாணத்தினதும் தென் மாகாணத்தினதும் கிராமங்களிலிருந்து வந்த சிங்களவர், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர், கேரளத்திலிருந்து வந்த மலையாளிகள், சோனகர், மலாயர் எனப் பலதிறத்தார் இந்நகரின் உழைப்பாளர் ஆயினர். புகையிரதத் தொழிற்சாலையைச் சுற்றி மருதானையிலும் தெமட்டகொடையிலும், துறைமுகத்தை அண்டிக் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும், மற்றும் கொம்பனித்தெருவிலும் அவர்கள் குடியேறினர். நகரத்தின் குப்பையையும் மலத்தையும் அகற்றுவதற்கென மாநகர சபையினால் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டோர் சபையின் லயன்களில் வைக்கப்பட்டனர். நகரைத் தூய்மையாக வைத்திருந்தவர்களின் குடியிருப்புகளே நகரின் மிக நெருக்கடியான குடியிருப்புகளுள் அடங்கின.

நாட்கூலியும் நெருக்கடியும்

கொழும்பில் ‘தோட்டம்’ என்றும் ‘வத்தை’ என்றும் வழங்கும் குடியிருப்புத் தொகுதிகள் பெரும்பாலும் இக்காலத்தில் உருவானவை. பழைய பெரிய வீடொன்றின் பின்வளவில் வரிசையாக அமைந்த ஓரறை வீடுகள், பொதுவான ஒரு நீர்க்குழாய், பொதுவான மலகூடம் என்பதே இவற்றின் அமைப்பு. லபுகமை நீர்த்தேக்கத்திலிருந்து 1880களில் நகருக்குக் குழாய்நீர் வந்தது. ஆயினும், கறுவாத்தோட்டத்து மாளிகையின் குளியலறைக்குள் சென்ற அந்நீர், தோட்டங்களிற் பல குடும்பங்கள் வரிசையில் நிற்கும் ஒரே குழாயின் வாயிலாகவே சென்றது.

இந்நெருக்கடிக்கு மக்களின் அறியாமையையும் பழக்கவழக்கங்களையும் காரணமாகக் கூறுவது அக்காலத்து அதிகாரிகளின் இயல்பாக இருந்தது. உண்மையான காரணம் தொழிலின் தன்மையிலேயே இருந்தது. துறைமுகத்தில் வேலை நிலையானதன்று. கப்பல் வந்தால் வேலை உண்டு, வராவிடின் இல்லை. ஒப்பந்தகாரரும் அவரது கங்காணிமாரும் தமக்கு வேண்டிய ஆட்களைத் தெரிந்தெடுத்தனர். தெரிவு செய்யப்படாதவனுக்கு அன்று கூலியில்லை. ஆகவே, அழைத்தவுடன் செல்லக்கூடிய தூரத்தில் இருப்பது துறைமுகத் தொழிலாளிக்கு வயிற்றுப் பிரச்சினையாகும். நகருக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் குறைந்த வாடகைக்கு வீடு கிடைப்பினும், அங்கிருந்து வேலைக்கு உரிய வேளையில் வந்து சேர்தல் இயலாது. துறைமுகத்தை அண்டிய ஓரறைக்கு எத்தனை பேர் போட்டியிட்டனரோ, வாடகையும் அத்துணை உயர்ந்தது. உயர்ந்த வாடகையைச் செலுத்துதற் பொருட்டு ஓரறையில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒண்டிக்கொண்டன. ஒண்டிய இடத்தில் சயரோகமும் வயிற்றோட்டமும் புகுந்தன. நோயுற்றவன் மறுநாள் தெரிவு செய்யப்படுவதில்லை. நிலையற்ற வேலை நெருக்கடியையும், நெருக்கடி நோயையும், நோய் வேலையிழப்பையும் தோற்றுவித்த இச்சுழற்சியே கொழும்புத் தொழிலாளியின் வாழ்க்கையாக இருந்தது.

இச்சுழற்சியைச் சட்டம் மேலும் இறுக்கியது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி வேலை ஒப்பந்தத்தை மீறும் ஊழியன் குற்றவாளியாகக் கருதப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்படலாம். மாநகர சபை 1865இலேயே அமைக்கப்பட்டுவிட்டதெனினும், அதன் வாக்குரிமை சொத்துடையோர்க்கே உரியதாயிருந்தது. எனவே, தான் குடியிருந்த தெருவின் வடிகாலைப் பற்றியும் தொழிலாளி கேள்வி கேட்க இயலாதவனாயிருந்தான்.

முதற் குரல்கள்

இத்தகைய சூழலில் எழுந்த முதலாவது அமைப்புரீதியான எதிர்ப்பு அச்சகத் தொழிலாளருடையதாகும். 1893 செப்டெம்பரில் எச். டபிள்யூ. கேவ் கம்பனியின் அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதனை ஒட்டி இலங்கை அச்சகத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பறங்கியர் சமூகத்தவரும் பௌத்தக் கல்வி இயக்கத்தில் ஈடுபட்டவருமான ஏ. ஈ. புல்ஜென்ஸ், வைத்தியர் லிஸ்போவா பின்ரோ ஆகியோர் அவர்களுக்குத் துணைநின்றனர். வேலைநிறுத்தம் சில நாட்களில் தோல்வியுற்றது, சங்கமும் நீடிக்கவில்லை. ஆயினும், எழுத்தறிவுடைய தொழிலாளரிடையே சங்கம் என்ற எண்ணம் முதன்முதலில் வேரூன்றியது குறிப்பிடத்தக்கது.

1906இல் நடைபெற்ற வண்டிக்காரர் வேலைநிறுத்தம் வேறுவகையானது. மாநகர சபை விதித்த போக்குவரத்து விதியொன்றை எதிர்த்து ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிக்காரர் வண்டிகளை அவிழ்த்து விட்டனர். துறைமுகத்திலிருந்து சரக்கு வெளியேறவில்லை. நகரின் வணிகம் தடைப்பட்டது. சபை இறங்கி வந்தது. சங்கமோ எழுத்தறிவோ இல்லாத மக்கள், நகரின் இயக்கம் தம் கையிலேயே தங்கியுள்ளது என்பதை ஒரு சில நாட்களிற் காட்டிவிட்டனர். 1912இல் புகையிரதத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் இதே உணர்வு அரசாங்க ஊழியரிடமும் பரவியதைப் புலப்படுத்தியது.

கொள்ளைநோயும் சமூக சேவையும்

1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பிற் பிளேக் நோய் தோன்றியது. இறக்குமதியான அரிசி குவிந்திருந்த களஞ்சியங்களும் எலிகளும் நெருக்கமான குடியிருப்புகளும் ஒன்றுசேர்ந்த செட்டியார் தெருப் பகுதியே அதன் முதற் களமாயிற்று. அதுவரை தோட்டங்களின் நிலையைக் கண்டும் காணாதிருந்த ஆட்சியாளரும் செல்வரும், நோய்க்கு எல்லைச்சுவர் கிடையாது என்பதை உணர்ந்தனர். 1915இல் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. புதிய கட்டடங்களுக்கு அனுமதி பெறவேண்டும், ஒளிக்கும் காற்றுக்கும் இடம் விடவேண்டும், மனித வாசத்திற்குத் தகாத வீடுகளை மூடலாம் என அது விதித்தது. 1921இல் நகர அமைப்பு அறிஞர் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கான முதனிலை அறிக்கையொன்றையும் அளித்தார்.

இச்சட்டம் தேவையானதே. எனினும், அதன் குறைபாடும் வெளிப்படையானது. தகாத வீட்டை மூடுவதற்கு அது வழிசெய்தது. மூடப்பட்ட வீட்டிலிருந்து வெளியேறியவன் எங்கு செல்வது, எந்தக் கூலியைக் கொண்டு தகுந்த வீட்டுக்கு வாடகை செலுத்துவது என்ற வினாக்களுக்கு அதனிடம் விடையில்லை. வீட்டை மட்டும் நோக்கிய சட்டம், அவ்வீட்டில் வாழ்ந்தவனின் தொழிலை நோக்கவில்லை.

இதே 1915ஆம் ஆண்டு சனவரியில் அருணாசலம் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவினார். கல்வி, மருத்துவ உதவி, வீட்டுவசதி முதலியவற்றில் ஏழைகளின் நிலையை உயர்த்துவது அதன் நோக்கம். படித்த மத்தியதர வகுப்பினர் தம் நகரத்து ஏழைகளைத் திரும்பிப் பார்க்குமாறு செய்தமை இச்சங்கத்தின் பெரும்பணியாகும். ஆயின், அடுத்து வந்த ஆண்டுகள் சேவையின் எல்லையையும் புலப்படுத்தின. உலகப் போரினால் பொருள்களின் விலை ஏறியது. 1918இல் இன்புளுவென்சாக் காய்ச்சல் பரவியது. 1919இல் அரிசித் தட்டுப்பாடு ஏற்பட்டது. மருந்தினால் தேறிய நோயாளி பட்டினியால் மீண்டும் படுத்தான். கூலி உயராமல் உடல்நலம் உயராது என்பதையும், பேசும் உரிமையின்றிக் கூலி உயராது என்பதையும் இவ்வாண்டுகள் தெளிவாக்கின.

1919 யூனில் அருணாசலத்தைத் தலைவராகவும் பெரி. சுந்தரத்தைச் செயலாளராகவும் கொண்டு இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கம் தோன்றியமையை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். பெரி. சுந்தரம் பெருந்தோட்டச் சூழலிற் பிறந்து கேம்பிரிச்சிற் கல்விகற்ற வழக்கறிஞர். இச்சங்கம் தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் சட்டப் பிரிவுகளுக்கு எதிராகக் கிளர்ந்தது. 1920இல் இலங்கைத் தொழிலாளர் சம்மேளனமும் அமைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே புகையிரதப் பகுதியிலும் துறைமுகத்திலும் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. 1921இல் இந்தியத் தொழிலாளர் தொடர்பான தண்டனைப் பிரிவுகள் நீக்கப்பட்டன. 1915க்கும் 1919க்கும் இடைப்பட்ட காலம், ஏழைக்கு உதவுதல் என்ற நிலையிலிருந்து தொழிலாளிக்கு உரிமை என்ற நிலைக்கு இயக்கம் நகர்ந்த காலமாகும். தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே எனலாம்.

ஆயினும், இச்சங்கம் தொழிலாளரின் பொருட்டுப் பேசியதேயன்றித் தொழிலாளரால் ஆனதன்று. அதன் முறை மனுவும் அறிக்கையும் பேச்சுவார்த்தையுமாகவே இருந்தது. 1921இல் மேல் மாகாணத் தமிழர்க்குரிய ஆசனம் பற்றிய பிணக்கினால் அருணாசலம் தேசிய காங்கிரசை விட்டு விலகினார், 1924இல் மறைந்தார். நகரத் தொழிலாளரின் தலைமை வேறு கைகளுக்குச் சென்றது.

தெருவுக்கு வந்த இயக்கம்

ஏ. ஈ. குணசிங்க 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறைவைக்கப்பட்டவர். இளம் இலங்கையர் சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். தலைவரியைச் செலுத்த மறுத்து, அதற்கு ஈடாகத் தெருவேலை செய்து அவர் நடத்திய இயக்கம் ஏழைகளிடையே அவருக்குச் செல்வாக்கைத் தேடித்தந்தது. 1922இல் அவர் இலங்கைத் தொழிற்சங்கத்தை அமைத்தார். இச்சங்கத்தின் துணைத்தலைவராக விளங்கியவர் தஞ்சாவூரிலிருந்து வந்து ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய தமிழ் இதழ்களை நடத்திய கோ. நடேசையர் என்பது தமிழ் மாணவர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியாகும். சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் மலையாளத் தொழிலாளியும் ஒரே சங்கத்தின் கீழ்த் திரண்ட காலம் அது.

1923இல் மருதானைப் புகையிரதத் தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் துறைமுகத்துக்கும் தனியார் பொறியியற் கம்பனிகளுக்கும் பரவிப் பொது வேலைநிறுத்தமாயிற்று. ஏறத்தாழ 20,000 தொழிலாளர் பங்குகொண்ட இப்போராட்டத்தை அரசாங்கம் முறியடித்தது. தோல்வியுற்ற போதிலும், தொழிலாளர் சங்கத்தைக் கைவிடவில்லை. 1927 பெப்ரவரியில் துறைமுகத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் கூலி உயர்வுடன் முடிவுற்றது. 1929இன் தொடக்கத்தில் ட்ராம் வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, நகர மக்கள் ட்ராமில் ஏறாது அவர்களுக்குத் துணைநின்றனர். மருதானைப் பொலிஸ் நிலையத்தின் முன் கூடிய மக்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து உயிர்கள் பலியாயின. இவ்வளவின் பின்னரே, 1929இல் முதலாளிமார் சம்மேளனத்துக்கும் குணசிங்கவின் தொழிற்சங்க காங்கிரசுக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது. இலங்கையில் முதலாளிமார் ஒரு தொழிற்சங்க அமைப்புடன் சமமாக அமர்ந்து கையொப்பமிட்ட முதல் உடன்படிக்கை இதுவாகும்.

கூலியுடன் இவ்வியக்கத்தின் நோக்கு நின்றுவிடவில்லை. 1927இல் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, உயர்வகுப்புத் தலைவர்கள் பலர் வாக்குரிமையைப் படித்தோர்க்கும் சொத்துடையோர்க்கும் மட்டுப்படுத்த விரும்பினர். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டுமெனத் தெளிவாகக் கோரியவர்களுள் குணசிங்கவின் தொழிற்சங்கம் முக்கியமானது. 1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. ஒரே குழாயில் நீருக்காகக் காத்துநின்ற பெண்ணின் வாக்கும் கறுவாத்தோட்டத்துக் கனவானின் வாக்கும் சமமாயின. அரசாங்க சபை உறுப்பினர் இனி வாக்குக் கேட்டுத் தோட்டத்துக்குள் வரவேண்டியவராயினர். நீர், வடிகால், மருத்துவமனை, பாடசாலை என்பன அரசியற் கோரிக்கைகளாக வலுப்பெற்றமைக்கு இதுவே அடிப்படையாகும்.

பிளவு

ஆயின், இவ்வெற்றியின் நிழலிலேயே இயக்கத்தின் தளர்ச்சியும் தொடங்கியது. 1929இற் பிறந்த உலகப் பொருளாதார மந்தம் கொழும்பையும் தாக்கியது. கப்பல்கள் குறைந்தன, வேலையற்றோர் பெருகினர். வேலைகள் ஏன் இல்லை என்ற வினாவுக்கு உலகச் சந்தையையும் குடியேற்ற ஆட்சியையும் முதலாளியையும் நோக்கி விடை தேடுவது கடினம். பக்கத்து அறையில் வாழும் அந்நிய மொழிக்காரனைச் சுட்டுவது எளிது. குணசிங்க எளிய வழியைத் தேர்ந்தார். மலையாளத் தொழிலாளருக்கு எதிரான பிரசாரத்தை அவரது இயக்கம் முன்னெடுத்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே நடேசையர் அவரை விட்டுப் பிரிந்திருந்தார். 1931இல் நடேசையர் அற்றனைத் தளமாகக் கொண்டு இந்தியத் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தனிச் சங்கம் அமைத்தார். நகரத்தையும் தோட்டத்தையும் ஒரே சங்கத்தில் இணைக்கும் வாய்ப்பு இவ்வாறு நழுவியது.

1933இல் வெள்ளவத்தை நெசவாலையில் இதன் விளைவு வெளிப்பட்டது. கூலி குறைக்கப்பட்டதை எதிர்த்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் இந்தியத் தொழிலாளர். பத்தாண்டுகளுக்கு முன் பொது வேலைநிறுத்தத்தை நடத்திய குணசிங்க, இம்முறை வேலைநிறுத்தக்காரரின் இடத்துக்கு வேறு ஆட்களை அனுப்புவோரின் பக்கத்தில் நின்றார். தொழிலாளர்க்குத் தலைமை தாங்க முன்வந்தவர் கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள். இவர்களே 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். சங்கத்தின் பழைய தலைமை மொழியையும் இனத்தையும் பார்த்து நின்ற இடத்தில், புதிய தலைமை கூலியையும் உழைப்பையும் பார்த்து நின்றது.

இப்பிளவினால் நட்டமடைந்தோர் மலையாளிகள் மட்டுமல்லர். ஓரின ஆட்களைக் கொண்டு மற்றோரின ஆட்களின் வேலைநிறுத்தத்தை முறியடிக்கலாம் என்பதை முதலாளிமார் கற்றுக்கொண்டனர். நாட்கூலி முறையின் அடிப்படையே ஒருவனுக்குப் பதிலாக வெளியே இன்னொருவன் காத்து நிற்கின்றான் என்பதுதான். அவ்விருவரையும் ஒருவர்க்கொருவர் துணையாக நிறுத்துவதே சங்கத்தின் பணி. அவ்விருவரும் பகைவராயின், சங்கம் இருந்தும் பயனில்லை.

சட்டமாகிய பயன்கள்

முப்பதுகளில் இயக்கம் தளர்ந்த போதிலும், இருபதுகளின் போராட்டங்கள் சட்டங்களாகப் பயன்தந்தன. 1919இல் தொழிலாளர் நலச் சங்கத்தின் செயலாளராயிருந்த பெரி. சுந்தரம், 1931இல் முதலாவது அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1934இல் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் 1935இல் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும் நிறைவேறின. வேலைத்தலத்தில் கை இழந்தவன் பிச்சைக்காரனாக வேண்டியதில்லை என்று முன்னையது கூறியது. சங்கம் அமைப்பது சட்டபூர்வமானது என்று பின்னையது கூறியது. தொடர்ந்து 1939இல் மகப்பேற்று உதவிச் சட்டமும், 1941இல் சம்பளச் சபைகள் சட்டமும், 1942இல் தொழிற்சாலைகள் சட்டமும் வந்தன. இவற்றை ஒருசேர நோக்கும்போது, தொழிலாளர் இயக்கத்தின் பயன் எங்கே முடிகின்றது, பொதுச் சுகாதாரத்தின் பணி எங்கே தொடங்குகின்றது என்று வரையறுப்பது அரிதாகும். மகப்பேற்று உதவிச் சட்டம் தொழிற் சட்டமா, சுகாதாரச் சட்டமா? அது இரண்டுமே.

மாநகர சபையும் மாறியது. 1937இல் இரத்தினசோதி சரவணமுத்து என்ற தமிழ் வைத்தியர் கொழும்பின் தெரிவுசெய்யப்பட்ட முதல் மேயரானார். 1940இல் குணசிங்கவும் அப்பதவிக்கு வந்தார். சொத்துடையோரின் மன்றமாகத் தொடங்கிய சபையின் தலைமை, வேலைநிறுத்தம் நடத்திச் சிறைசென்ற ஒருவரிடம் வந்து சேர்ந்தமை சிறிய மாற்றமன்று.

முடிவுரை

கொழும்பின் அனுபவம் மூன்று உண்மைகளைக் காட்டுகின்றது. முதலாவது, நகரத்து ஏழைகளின் உடல்நலம் மருந்தினாலோ கட்டட விதியினாலோ மட்டும் உயர்வதில்லை. நிலையான தொழிலும் போதிய கூலியும் அதற்கு அடித்தளம். இரண்டாவது, இவ்வடித்தளம் பிறர் இரங்கி அளித்ததன்று. வண்டிக்காரரும் துறைமுகத் தொழிலாளரும் ட்ராம் ஓட்டுநரும் பசி கிடந்தும் உயிர் கொடுத்தும் பெற்றது. மூன்றாவது, இன மொழி வேறுபாட்டைக் கடந்து நின்றபோது பெற்றதை, அவ்வேறுபாட்டுக்கு இடங்கொடுத்தபோது காக்க இயலவில்லை.

மூன்றாவது உண்மையின் விலையை மிகுதியாகச் செலுத்தியோர், நகரின் தூய்மையைக் காத்த அம்மக்களே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரோடு கொழும்பு மாநகர சபை லயன்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் துப்புரவுத் தொழிலாளர் பலரையும் நாடற்றவராக்கியது. 1931இல் பெற்ற வாக்கும் அவ்வாறு பறிபோயிற்று. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டவழித் தீர்வு முழுமை பெற 2003 வரை செல்லவேண்டியிருந்தது. வாக்கில்லாதவனின் லயனுக்குப் புதிய நீர்க்குழாய் வருவது எளிதன்று என்பதை இந்த அரை நூற்றாண்டும் மெய்ப்பித்தது.

நகரத்தின் நலத்தைப் பற்றி எழும் விவாதங்கள் இன்றும் பெரும்பாலும் கட்டடங்களைப் பற்றியனவாகவே அமைகின்றன. தோட்டங்களை அகற்றி அடுக்குமாடி வீடுகளை எழுப்பும்போது, அங்கு குடியேறுவோர் தம் நாட்கூலி வேலைக்கு எவ்வாறு செல்வர் என்ற வினா 1915இற் போலவே பின்தள்ளப்படுகின்றது. அருணாசலம் நான்கு ஆண்டுகளிற் கற்ற பாடம் அதுவே. அவர் பெயரைத் தாங்கும் விடுதியிலிருந்து வெளியேறி நகரங்களின் நிருவாகிகளாகவும் வைத்தியராகவும் சட்டத்தரணிகளாகவும் ஆகவிருப்போர், அவர் நிறுவிய இவ்விரு சங்கங்களையும் சேர்த்தே நினைவிற் கொள்ளுதல் தகும்.